லாஸ்ட்டா, மிஸ்ஸிங்கா

செண்பகவல்லியின் புருஷன் குருசாமி செவ்வாய்க்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்தார். ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் காணாமல் போகிறவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். ஆளை விட வேண்டுமென்றால் வீட்டார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது இங்கிலீஷ் வார்த்தையாக இருக்க வேண்டும்.

"ஆளக் காணோம்னு சொன்னேனேய்யா."

"அது தமிழும்மா," என்றார் கிளார்க். "அத வச்சு ஆள விட முடியாது. லாஸ்ட்டா, மிஸ்ஸிங்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

கிளார்க் நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் அவர் மேசை தானாகவே இரண்டடி நீண்டது. இப்போது அவர் கொஞ்சம் தள்ளியிருந்து பேசினார்.

"லாஸ்ட்னா அவருக்கு வழி தெரியல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரலாம். மிஸ்ஸிங்னா அவருக்கு வழியெல்லாம் தெரியும், உங்களுக்குத்தான் அவரு எங்கன்னு தெரியல. தேடணும்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, லாஸ்ட் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டியதுதானே என்பீர்கள். ஆனால் குருசாமி காலமெல்லாம் ராஜபாளையம் பஸ் ஓட்டியவர். யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தெரிந்த இடங்களிலும் கேட்டதில்லை.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். அவள் தெருக்காரர்கள் பின்னால் வரிசையில் நின்று காதைத் தீட்டினார்கள். குருசாமி கண்ணாடியைத் தட்டினார்.

"ஏ செம்பகம். நாலு பேரு முன்னால என்னய வழி தெரியாதவன்னு சொல்லிராத."

"வீட்டுக்கு வரணுமா வேண்டாமா?"

"வர்றேன். மானத்தோட வர்றேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் கட்டின புருஷனைச் சபையில் தாழ்த்திப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"மிஸ்ஸிங்," என்றாள்.

"தங்கமான பொம்பள," என்றது வரிசை.

"எந்திரிங்க சார்," என்றார் கிளார்க். "அம்மா உங்களத் தேடணும். நீங்க இங்கயே இருந்தா எப்பிடித் தேடுவாங்க?"

குருசாமிக்கு அது நியாயமாகப் பட்டது. டம்ளரை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். வெளியே ரோடுகள் மட்டும் இருந்தன. எல்லாம் ஒரே அகலம். மைல் கல் ஒன்றுகூட இல்லை.

அவர் கிளார்க்கின் காதருகே குனிந்தார்.

"தம்பி, எந்தப் பக்கம் போகணும்?"

"உங்களுக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே சார்."

செண்பகவல்லி கண்ணாடியில் அறைந்து, "இந்தப் பக்கம்ங்க, இந்தப் பக்கம்!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்டது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பாமல் நடந்தார்.