சிக்கனம் எழுதிய ஷெட்யூலர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சிக்கனம் என்று பெயர். பத்து வரியில் எழுத வேண்டிய நிரலை மூன்று வரியில் எழுதிவிட்டு, அந்த மூன்றிலும் எதைத் தூக்கலாம் என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நேர் எதிர். எனக்குப் பேச்சும் நிரலும் ஒன்றுதான், ஆரம்பித்தால் நிற்காது.

நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒன்றாக எழுதுவது ஷெட்யூலர். கணினிக்குள் எத்தனையோ நிரல்கள் ஒரே நேரத்தில் ப்ராசஸரைக் கேட்டு நிற்கும். யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது அதுதான். வேலை கம்மியாக இருக்கும்போது எந்த ஷெட்யூலரும் நல்ல பிள்ளை. கழுத்துவரை வேலை கொடுத்துவிட்டு மௌஸை அசைத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

எனக்கு இதில் சம்பளத்தைத் தாண்டி ஓர் அக்கறை இருந்தது. என் அண்ணன் அனிமேஷன் கலைஞர். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. வலக்கையால் வரைந்துகொண்டே இடக்கையால் தட்டச்சு செய்வார். கணினி அதைப் பேசும். ஆனால் அவர் வரைந்ததையெல்லாம் முழுக் காட்சிகளாக்கும் ரெண்டர் வேலையைச் செய்வதும் அதே கணினிதான். ரெண்டர் ஓடும்போது பேச்சு திக்கும், நிற்கும், எல்லாரும் வேறு விஷயத்துக்குப் போன பிறகு வந்து விழும்.

அண்ணன் சாதாரண ஆள் இல்லை. எங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும், மூடுவதற்குள் ஒரு கிண்டலைச் செருகிவிடுவார். கிண்டல் சுடச்சுட விழ வேண்டும். தாமதமாக வந்தால் அது கிண்டல் இல்லை, அறிவிப்பு. அவர் தட்டச்சு செய்யக் கை வைத்ததும் அண்ணி, பிள்ளைகள், நான் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கப் பழகிவிட்டோம். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவர் இருக்கிற சுவடே தெரியாத நாள்கள் வீட்டில் அதிகமாயின.

பேச்சுக்கென்று தனியாக ஒரு சின்னக் கணினி வாங்கித் தருகிறேன் என்றேன். "பொழப்புக்கு ஒரு மேஜை, பேச்சுக்கு ஒரு மேஜையா? ஆளை ரெண்டா வெட்டாதடா" என்று மறுத்துவிட்டார். அந்த இரண்டு வாக்கியம் வந்து முடிவதற்குள் அண்ணி அறை முழுக்கப் பெருக்கிவிட்டார்.

என் ஷெட்யூலர் கெட்டிக்காரன். எந்த நிரல் அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுத் தூங்குகிறதோ, அது மனிதனின் விரலுக்காகக் காத்திருக்கிறது என்று ஊகிக்கும். விழித்ததும் முன்னால் இழுத்துவிடும். சிக்கனத்தின் ஷெட்யூலர் எதையும் ஊகிக்காது. எல்லாருக்கும் சம பங்கு. பங்கை மீறித் தின்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றவர்களில் சின்ன வேலைக்கு வந்தவருக்குக் கெடு சீக்கிரம். கெடு நெருங்கியவர் முதலில். கடையில் ஒரே ஒரு சோப்பு வாங்க வந்தவரை முன்னால் விடுகிற மாதிரி. அவ்வளவுதான் மொத்த நிரலும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ப்ராசஸர் முழுவதையும் ரெண்டரால் நிரப்பிவிட்டு, திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து வட்டம் வட்டமாக இழுப்போம். தடங்கலில்லாமல் போகிறவன் ஜெயித்தான். என்னுடையது வழுக்கிக்கொண்டு போனது. சிக்கனத்துடையது எப்போதாவது இம்மி தயங்கியது. நான் மீசையை முறுக்காத குறை.

"உங்க அண்ணன்கிட்ட வெச்சுப் பாத்தீங்களா?" என்றார் சிக்கனம்.

"இங்க ஓடுறது அங்க ஓடாதா?"

"ஓடும். பேசுமான்னு கேக்குறேன்."

விடுமுறை நாளில் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அறையில் நடக்க இடமில்லாமல் வயர்களும் டிஸ்க்குகளும் கிடந்தன. முதலில் என்னுடையதைப் போட்டு ரெண்டரை ஓட்டினோம். கணினியின் விசிறி இரைய ஆரம்பித்தது. அண்ணன் "வாங்க" என்று தட்டினார். "வா" வந்தது. "ங்க" வரவில்லை. அவசரமாக ஒரு ஜன்னலை இழுத்துப் பார்த்தேன், அதுவும் நொண்டியது. எனக்குக் காது சுட்டது.

சிக்கனம் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "படமெல்லாம் எதுல இருக்கு?"

"அந்தப் பழைய டிஸ்க்ல" என்றேன்.

"நம்ம டெஸ்ட்ல?"

"மெமரியில" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மெமரியில் படம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; இங்கே ரெண்டர் நிரல்கள் ஒவ்வொரு படத்துக்கும் டிஸ்க்கிடம் போய், அது கொண்டுவரும்வரை தூங்குகின்றன. அடிக்கடி தூங்கினால் மனிதனுக்காகக் காத்திருக்கிறது என்பதுதானே என் ஊகம்? அத்தனை தூங்குமூஞ்சிகளையும் என் கெட்டிக்காரன் வணக்கம் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். அண்ணனின் பேச்சு வாசலில் நின்றது.

சிக்கனம் குத்திக் காட்டவில்லை. "நல்ல ஊகந்தான். ஆனா ஊகம்னு வந்துட்டா யாராச்சும் அதை ஏமாத்திடுறாங்க" என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதைப் போட்டார்.

அதே ரெண்டர், அதே இரைச்சல். அண்ணன் தட்டத் தட்ட வார்த்தை விழுந்தது. ரெண்டர் இம்மி மெதுவானது, சிக்கனம் அதை மறைக்கவில்லை. நான் சிக்கனத்தின் நிரலைத் திறந்து வாசித்தேன். எனக்கு அறிமுகத்தில் பாதிக்கே போதாத இடத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். எதை நீக்கினாலும் விழுந்துவிடும், எதைச் சேர்த்தாலும் கெட்டுவிடும். பொறாமைப்பட வேண்டியவன் நான். அந்த அழகைப் பார்த்ததில் அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.

"என்ன தம்பி ஆச்சு?" என்றார் அண்ணி.

கேட்டால் போதாதா எனக்கு? "அது வந்து அண்ணி, என்னோட டிசைன்ல அடிப்படையா ஒரு..."

"ஓட்டை" என்றது கணினி.

"ஓட்டை இல்லண்ணே, அனுமானம். அதாவது ஒரு நிரல் தூங்குதுன்னா..."

"ஓட்டைக்குப் பேரு வெச்சுட்டான்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். சிக்கனம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் பேசிட்டு இருக்கேன்ல? முடிக்க விடுண்ணே. எப்பப் பாத்தாலும் குறுக்க குறுக்க..."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அண்ணியின் சிரிப்பும் நின்றது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அண்ணன் வரைகிற பேனாவைக் கீழே வைத்தார். கண் நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் திட்டுடா."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்.