தொலைவின் நிறம்

மேற்கே வானுக்கு அணைகட்டியதுபோல் மலைத்தொடர் நீண்டு கிடக்க, கீழே கருவேலங்காட்டின் நடுவே ஒன்றின் தீ மற்றொன்றைத் தொடாதபடி தள்ளித்தள்ளிக் கட்டிய சிற்றறைகள் சிதறி நிற்க, எம். புதுப்பட்டியின்மேல் காலை வெயில் ஏறிய வேளையில், பட்டாசு ஆலையின் வாயிற்சுவர் முன்னே தூரிகையும் கையுமாய் நின்றாள் பாண்டிலட்சுமி. ஒன்பது ஆண்டுகள் மருந்தறையில் வாணத்துக்கான வண்ண வெடிமருந்து கலந்து, நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி ஏறிய கை அது. உள்ளே நுழைவோர் உயிரை வாசலில் வைத்துவிட்டு நுழையும் அறை அது.

"சாயங்காலத்துக்குள்ள நம்ம மலைய வரைஞ்சிரு. பாத்தா தூரமாத் தெரியணும். தேறுனா நாளையிலருந்து பட்டாசுப் பெட்டிக்குப் படம் வரையுற வேல. இல்லன்னா பழைய மருந்தறதான்" என்று சொல்லிப் போயிருந்தார் ஆலை உரிமையாளர் ஜெயச்சந்திரன்.

நண்பகலுக்குள் சுவரில் செக்கச்செவேலென மலை எழுந்தது. ஆனால் அது எட்ட நில்லாமல், கயிறறுத்த காளைபோல் சுவரைவிட்டுப் பாய்ந்து வந்தது. ஆலையில் பெட்டி ஒட்டும் கற்பகம் சோற்றுவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏடி, மல தீப்பிடிச்சு எரியுது! தண்ணி வண்டிக்குச் சொல்லிவிடு."

"சிரிக்காதக்கா. நாம விடுற வாணத்துல செவப்புதான நாரணாபுரம் வரைக்கும் தெரியுது? நீலம் பாதி வழியிலயே மங்கிப்போகுது. தூரத்து மலைக்குத் தெம்பான நெறம் வேண்டாமா?"

"அங்கன நெசமலை நிக்குது. அதையே கேளு."

கேட்கத்தான் செய்தாள். செம்மை சொட்டும் தூரிகையை மலைக்கு நேரே நீட்டி ஒற்றைக் கண்ணால் நோக்கினாள். காலடி மண் சிவந்திருந்தது, பனைவரிசை பழுப்பேறியிருந்தது, அடிவாரக் காடு பச்சை குன்றியிருந்தது, அதற்கப்பால் முகடுகள் ஒவ்வொன்றாய் நீலம் உடுத்தி, கடைசி முகடு வானோடு கரைந்திருந்தது. நெருப்பு தன் நிறத்தைத் தானே உமிழ்கிறது. மலைக்கோ இடையில் கிடக்கும் காற்றன்றோ நிறம் உடுத்துகிறது! இத்தனை நாள் அண்ணாந்து பார்த்தும் இதைப் பார்க்கவில்லையே என்று வியந்தவள், சோற்றை மறந்து, முகடுகளுக்கு வெண்மை கலந்த நீலமும், முன்னிலத்துக்குச் செம்மையும் மஞ்சளும் தீட்டினாள். மலையடியில், தான் நன்கறிந்த மருந்தறையையும் அதே சுடுவண்ணத்தில் வைத்தாள்.

மாலையில் வந்த ஜெயச்சந்திரன் சுவரைவிட்டுப் பத்தடி பின்னே போய் நின்று பார்த்தார்.

"அந்த உச்சிக்கு நடக்க ரெண்டு நாள் ஆகும்போல இருக்கே! நாளைக்கே படம் வரைய வந்திரு."

"மருந்தறைக்கு யாரு மொதலாளி?"

"கற்பகம் போவா."

வேலை முடிந்து படம் பார்க்க வந்து நின்ற கற்பகத்தின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "நல்லாத்தான் வரைஞ்சிட்ட, போ" என்றாள் மெல்ல.

"படத்துல அந்த மருந்து ரூமு மட்டும் கண்ண உறுத்துது. பின்னால தள்ளிரு" என்று சொல்லி நடந்தார் உரிமையாளர்.

நீலத்தில் தோய்த்த தூரிகை சுவரைத் தொடாமலே நின்றது. மலையைத் தொலைவுக்கு அனுப்பும் வழியை ஒரே பகலில் கண்டவள் அவள். நாளை கற்பகம் நுழையப்போகும் அவ்வறையை அப்பால் தள்ளும் நீலம் மட்டும் எந்தக் கலயத்திலும் இல்லை.