பதினாறு இருபது

மூன்றாம் வகுப்பில் கடிகாரம் பார்க்கத் தெரியாத ஒரே பிள்ளை வாலு. அம்மா வைத்த செல்லப் பெயர் அது, சேட்டை அப்படி. மணி மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. மூன்றே முக்காலைக் காட்டினால் நாலே முக்கால் என்பாள். "சின்ன முள் நாலுகிட்டதானே டீச்சர் நிக்குது?" என்று சண்டைக்கும் வருவாள்.

ஒருநாள் டீச்சர் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, சுற்றிப் பன்னிரண்டு எண்களையும் எழுதினார். வகுப்பிலேயே நெட்டையான பையன் பெரிய முள். வாலு சின்ன முள்.

"அவன் ஒரு சுத்து வர்றதுக்குள்ள நீ ஒரே ஒரு நம்பர்தான் நகரணும். குதிக்கக் கூடாது, ஊர்ந்து போகணும்."

வாலு மூன்றிலிருந்து ஊர்ந்தாள். நெட்டையன் ஒன்பதுக்கு வந்ததும் டீச்சர் கைதட்டி நிறுத்தினார். "இப்ப மணி என்ன?"

வாலு குனிந்து தன் காலைப் பார்த்தாள். "நான் இன்னும் நாலுக்கு வந்தே சேரலையே!" என்று கத்தினாள். "மூணே முக்கால்!"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரே நேரத்தைப் பல விதமாகச் சொல்லலாம் என்று டீச்சர் காட்டக் காட்ட, ஒவ்வொன்றையும் லபக்கென்று விழுங்கினாள். ரயில் நிலையப் பலகையில் பதின்மூன்று, பதினான்கு என்று போகும் இருபத்து நாலு மணிக் கணக்குதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அம்மா நிதானமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுபவள். பேருந்து ஓட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. அன்று ஓட்டுநர் தேர்வு. அழைப்புக் கடிதம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது.

"எத்தனை மணிக்கும்மா?"

"ஆறு இருபது. இன்னும் நேரம் கிடக்கு."

வாலு கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஆறுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே?"

"அது ஏதாவது டோக்கன் நம்பரா இருக்கும்டி. பதினாறு மணின்னு ஒண்ணு உண்டா?"

"உண்டும்மா! பதினாறுல பன்னெண்டு போனா நாலு. நாலு இருபதுக்கு டெஸ்ட்!" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப நாலடிக்கப் பத்து நிமிஷம். கிளம்பும்மா!"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாலுவையும் இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். இரண்டு சிக்னலில் மாட்டி, ஒரு சந்தில் புகுந்து, தேர்வு மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு பதினெட்டு. எழுத்தர் பதிவேட்டை மூடப்போனார்.

"கடைசிப் பேர் நீங்கதான். வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

வாலு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அத்தனை பெரிய பேருந்து அம்மா கையில் பூனைக்குட்டி மாதிரி திரும்பியது. பின்னோக்கி வளைந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே எதையும் உரசாமல் நின்றது. முன்னால் போன மூன்று பேரும் அங்கேதான் இடித்திருந்தார்கள்.

தேர்வு அதிகாரி இறங்கி, கம்பத்துக்கும் பேருந்துக்கும் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டபடியே தாளில் கையெழுத்துப் போட்டார்.

அம்மா வேலிப் பக்கம் திரும்பி, மைதானமே அதிர, "பாஸ்டி!" என்று கூவினாள்.