சர்க்கரை நுழையாத வீடு

எதிர்வீட்டு மராத்திக்காரம்மா ஷிண்டே காக்கு கொடுத்தனுப்பிய ஃப்ளாஸ்கிலிருந்து டீயைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றித் தட்டில் அடுக்கிக்கொண்டு ஜெசிந்தா ஹாலுக்கு வந்தாள். ஹாலின் நடுவில் பெட்டிக்குள் அவளுடைய மாமனார் அமல்ராஜ், கல்யாணங்களுக்கு மட்டும் போடும் பழுப்பு கோட்டில், விரல்களில் செபமாலை சுற்றியபடி படுத்திருந்தார். பெட்டியை ஒட்டித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். ஜெசிந்தா காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போனாள்.

கோயிலில் பாட்டுக்குழு நடத்தும் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த வூட்ல சக்கரை போட்ட டீயா? அமல்ராஜ் எழுந்து உக்காந்து எனக்கும் ஒண்ணுன்னு கேக்கப் போறான்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு, பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஜெசிந்தா கடைசிக் கோப்பையை யார் கையிலோ திணித்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

மாமியார் ஃப்ளோரா பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாக யார் வந்தாலும் அவர்களிடம் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை.

"பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது. மூணு வருசமா ஒரு கிள்ளு சக்கரை அவர் வாயில படவுடல. இவ இல்லன்னா அந்தக் காலே போயிருக்கும்."

கேட்டவர்கள் ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவளுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மாமியார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, நேற்றுக் காலை வரைக்கும். தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா மராத்தி ஊரான கோர்படியில் இருக்கும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமனாரின் கால் விரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். மறுநாளே அவள் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். அவருக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே சர்க்கரை கிடையாது என்றாள். "நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று ஃப்ளோரா சண்டைக்கு வந்தாள். "கண்ணுல பட்டா கை போகும் அத்தை" என்றதோடு பேச்சு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு ஓட்ஸ் போட்டு ஒரு கேக் செய்தாள். அவள் புருஷன் ஜோனாஸ் அதில் ஒரு துண்டு தின்றுவிட்டு, சாகணில் இருக்கும் ஃபேக்டரியில் தாங்கள் செய்யும் பிரேக் கட்டையே இதைவிட மெத்தென்று இருக்கும் என்றான். ஆனால் புண் ஆறியது.

அமல்ராஜும் லேசுப்பட்ட ஆளில்லை. சட்டைப்பையில் பேடா, கண்ணாடிக் கூட்டில் சாக்லேட், ஒருமுறை காலுறைக்குள் காஜு கத்லி. ஒவ்வொன்றையும் ஜெசிந்தா பிடித்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் மாமனார் அவளுக்குத் தூத்துக்குடி கஸ்டம்ஸ் என்று பெயர் வைத்தார். வெளியிலிருந்து வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "சோதனை போட்டுக்கம்மா" என்பார். கெஞ்சிக் கேட்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. திருடுவார், மாட்டிக்கொள்வார், சிரிப்பார்.

அதனால்தான் நேற்றுக் காலையில் அவள் ஏமாந்துபோனாள். மாமியார் காலைப் பூசைக்குப் போயிருந்தாள். ஜோனாஸ் முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறியிருந்தான். பால் வாங்கப் போன மாமனார் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"ஜெசி… சக்கர…" என்றார்.

"விடிஞ்சதும் விடியாததுமா ஆரம்பிச்சாச்சா மாமா?"

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி "சக்கர…" என்றார். குரல் பாதி உள்ளேயே நின்றது. மூன்று வருஷத்தில் அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு வாய் சர்க்கரைக்கு ஒரு மனுஷனை இப்படிக் கெஞ்ச வைத்துவிட்டோமே! போகட்டும், ஒருநாள்தானே என்று நினைத்தாள். வீட்டில் சர்க்கரை ஏது? எதிர்வீட்டுக்கு ஓடி, காக்குவிடம் ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து, இரண்டு ஸ்பூன் போட்டு டீ கலந்து கொடுத்தாள்.

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன, இன்னிக்கு கஸ்டம்ஸ் லீவா?" என்றார்.

அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. காக்குவின் மகன்தான் ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தன் கையால் கலந்து கொடுத்த டீ என்று மட்டும் அவளுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்து ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை, ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

மத்தியானம் ஜோனாஸின் அக்கா கிளாரிசா நாசிக்கிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் கன்னத்தைத் தடவியபடி வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து, நேற்றுப் பார்த்த டாக்டரிடம் ஏதேதோ கேட்டாள். ஜெசிந்தா அவள் கண்ணில் படாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷிண்டே காக்கு வேலையெல்லாம் முடித்துக்கொண்டு துக்கம் கேட்க வந்து ஃப்ளோராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றுச் சர்க்கரை போன கதை தெரிந்த ஒரே ஆள். அதைப் போய் மறைக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? காக்கு மராத்தியில் மளமளவென்று பேசினாள். சந்தையில் கறிகாய் வாங்கும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு மராத்தியில் பாதி புரியாது. காலை, பால், படி என்று அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒன்று தெளிவாக விழுந்தது. சக்கர்.

ஃப்ளோரா மகளைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியாடி? காலையிலயே சக்கர் வந்திருக்குது அவருக்கு."

ஜெசிந்தா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளாரிசா பின்னாலேயே வந்தாள்.

"என்னாச்சு ஜெசி? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"காக்கு சொல்லிட்டாவல்லா மதினி. நான் வேணும்னு செய்யல. கையைப் புடிச்சுக் கேட்டாவ. மனசு கேக்கல."

"எதைக் கேட்டார்?"

"சக்கர. காக்கு வீட்ல வாங்கி ரெண்டு ஸ்பூன் போட்டு டீ குடுத்தேன். அதக் குடிச்சுட்டுத்தான்…"

கிளாரிசா அவளையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது.

"அப்பா என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

"சக்கரன்னாவ. ரெண்டு தடவ."

"அது சக்கர இல்ல ஜெசி, சக்கர். தலை சுத்துது. இங்க நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். படியில கம்பியப் புடிச்சிட்டு நின்னாராம். காக்கு என்னன்னு கேட்டப்போ, சக்கர் வருதுன்னாராம். அதைத்தான் அவங்க சொல்லிட்டிருக்காங்க."

ஜெசிந்தாவிடம் பேசும்போது மட்டும் தலை சுற்றல், மயக்கம் என்று ஊர்த் தமிழில் பார்த்துப் பார்த்துப் பேசுகிற மனுஷன் அவர். முடியாமல் போன நேரத்தில் வாய்க்குப் பழகிய சொல் வந்துவிட்டது. அவளோ தூத்துக்குடிக் காதால் அதைக் கேட்டிருக்கிறாள்.

"அப்ப தலை சுத்துதுன்னு சொன்ன ஆளுக்கு டீ போட்டுக் குடுத்துருக்கேன்" என்றாள்.

"இரு. அப்பாவுக்கு வேர்த்துதா?"

"சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு."

"சுகர் மாத்திரை போட்டாரா?"

"எந்திச்சதும் போட்டுட்டாவ. சாப்பிடல. பால் வாங்கிட்டு வந்து தின்னுக்கிடறேன்னாவ."

கிளாரிசா மேடையில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள்.

"வெறும் வயித்துல அந்த மாத்திரை போட்டு, வேர்த்து, தலை சுத்துதுன்னா எங்க வார்டுல முதல்ல சக்கரைதான் குடுப்போம். சுகர் எறங்கியிருக்கும்னு நெனைப்போம். நான் இங்க இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆஸ்பத்திரியில பாத்தப்போ சுகர் நார்மல். இப்பதான் டாக்டர் சொன்னார்."

"நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா மதினி?"

கிளாரிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதையும் கேட்டேன். பெரிய அட்டாக்காம். ஆஸ்பத்திரியிலயே இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னார். அதை நானும் நம்பறேன், நீயும் நம்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ருசிச்சுக் குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வைக்கல. கஸ்டம்ஸ் லீவான்னு கேட்டாவ."

கிளாரிசா குபுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையானது. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னச் சமையலறையில் அழுது தீர்த்தார்கள். ஜெசிந்தாவுக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டி ஹாலில் இருக்கும்போது நிம்மதி என்று நினைக்கவே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நேற்றிலிருந்து ஒன்றும் இறங்காதவள் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

கோயில் வண்டி வந்துவிட்டதாக ஜோனாஸ் வந்து சொன்னான். மூடுவதற்காகப் பெட்டியின் மூடியை எடுத்து வந்தார்கள். ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஜெசிந்தா மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கிளாரிசா வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஜெசிந்தா அதைக் கேட்கவில்லை.

"அத்தை, மாமாவுக்கு நேத்து நான் சக்கர போட்டு டீ குடுத்தேன்."

ஃப்ளோரா திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று குனிந்தார்கள்.

"எத்தினி ஸ்பூன்?"

"ரெண்டு."

"அவருக்கு மூணு வேணும்" என்றாள் ஃப்ளோரா. பிறகு கணவரின் கோட்டு காலரைச் சரிசெய்துவிட்டு, மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வேனில் மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் ஜெசிந்தாவின் தலை ஃப்ளோராவின் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஜோனாஸ் திரும்பி அவளை எழுப்பப் போனான். ஃப்ளோரா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

முன்னே மேடும் பள்ளமுமாக ரோடு தோண்டிப் போட்டிருந்தது. ஃப்ளோரா தோளை அசைக்காமல் டிரைவரிடம் மராத்தியில் மெதுவாகப் போகச் சொன்னாள். பின்னால் வந்த வண்டிகள் ஒலியெழுப்பத் தொடங்கின. முந்தானையை இழுத்து, புழுதி படாமல் மருமகளின் முகத்தை மூடினாள்.