குளத்தில் கிடந்த தலையணை

போடியில் தலையணை செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஜக்கம்மாள் செய்த தலையணையில் ஒருமுறை தலை வைத்தவர்கள் இன்னொன்றைத் தேட மாட்டார்கள். இதை ஜக்கம்மாளே எல்லாரிடமும் சொல்லுவாள். தன் பெருமையைத் தானே பேசலாமா என்று யாராவது கேட்டால், “பின்ன யாரு வந்து பேசுவா, கலெக்டரா?” என்பாள்.

அன்றைக்கு அவள் ஒச்சப்பனின் ஜீப்பில் இருபது தலையணைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்குப் போனாள். இருபதும் மாதிரிக்கு. பிடித்துப்போனால் ஐந்நூறு தலையணைக்கு ஆர்டர் தருவதாகப் பேச்சு. இலவங்காய் உடைக்கிற பருவம் முடிந்து, அவளுடைய கிட்டங்கியில் பஞ்சு கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. கடைகளிலோ எங்கே பார்த்தாலும் ஃபைபர் தலையணை. இந்த ஐந்நூறு கிடைத்தால் அவளிடம் பஞ்சு திணிக்கிற பதினோரு பெண்களுக்கும் தை மாசம் வரை சோலி உண்டு. கிடைக்காவிட்டால் அவர்கள் ஏலத்தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். அவர்களில் ஒருத்தியான பொற்கொடிக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது, மேட்டில் ஏறி இறங்க முடியாது. “வெறுங்கையோட வந்துறாதக்கா” என்று ஜீப்பு கிளம்புகிறபோது அவள் சொன்னது ஜக்கம்மாளின் நெஞ்சிலேயே இருந்தது.

கூட வந்தவன் மகன் பிரபாகரன். கல்லூரியில் இங்கிலீஷ் படித்தவன். பேச்சுவார்த்தை, லேபிள், விளம்பரம் எல்லாம் அவன் பொறுப்பு.

விடுதியின் மேனேஜர் சிவரஞ்சனி ஒரு தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

“எவ்வளவு லேசா இருக்கு! துணி தைச்சதும் அருமைக்கா.” ஓரத்தில் தைத்திருந்த லேபிளைத் திருப்பி வாசித்தாள். “ப்யூர் காட்டன். அதுதான் எங்களுக்கும் வேணும்.”

ஜக்கம்மாள் வெடுக்கென்று அதை வாங்கினாள். அவளும் ஒன்பதாவது வரை படித்தவள்தான். எழுத்துக் கூட்டினாள். காட்டன் என்றுதான் போட்டிருந்தது. அன்று காலையில், அவள் குளிக்கப் போன நேரத்தில், மகன் இருபதிலும் தைத்திருக்கிறான்.

“டேய் அப்பு, என்னடா இது?”

“அம்மா, இங்க வேணாம். வீட்ல போய்ப் பேசுவோம்.”

“இங்கதான் வேணும். இதுக்குள்ள எங்கடா காட்டன் இருக்கு?”

“உறை காட்டன்தானம்மா.”

“உறைன்னா உறைன்னு எழுது. ப்யூருன்னா உள்ளயும் அதுதான்னு நெனைப்பாங்களா இல்லையா?”

பிரபாகரன் நெளிந்தான். சிவரஞ்சனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேடம், உள்ள இருக்கிறது இலவம் பஞ்சு. மரத்துல காய்க்கிறது. அதையும் சில்க் காட்டன்னு சொல்றவங்க இருக்காங்க” என்றான். பிறகு அம்மாவிடம் குரலைத் தணித்தான். “காட்டன்னா உலகத்துக்கே தெரிஞ்ச பேரும்மா. நான் தேடிப் படிச்சுட்டுத்தான் போட்டேன். இங்கிலீஷ்காரனுக்கே அது சொந்தப் பேரு இல்ல. அரபுக்காரன் குத்ன்னு சொன்னான். அவங்ககிட்டருந்து போயிப் பிரெஞ்சுல கொத்தோன்னு ஆச்சு. அதை வாங்கித்தான் இங்கிலீஷ்காரன் காட்டன்னான். எல்லாரும் வாங்கிக்கிட்ட பேரு. நாமளும் வாங்குனா என்ன கொறஞ்சு போகுது?”

“அவனே இரவல் வாங்குன பேரு. அதை நான் மறுபடியும் இரவல் வாங்கணுமாக்கும்?” ஜக்கம்மாளின் குரல் வெளியே ஜீப்பில் சாய்ந்திருந்த ஒச்சப்பனுக்குக் கேட்டது. “என் பஞ்சுக்குப் பேரில்லையா? தேவாரம், குரங்கணி, எந்த ஊருல போய் மரத்தைக் காட்டிக் கேட்டாலும் பச்சப்பிள்ளகூட இலவுன்னு சொல்லுமேடா!”

அவள் சிவரஞ்சனி பக்கம் திரும்பினாள்.

“தாயி, நான் பருத்தியைக் கொறை சொல்லல. நான் கட்டியிருக்கிற சேலை பருத்தி. விளக்குக்குத் திரி பருத்தி. அடிபட்டா ரத்தத்தை ஒத்தி எடுக்கறதும் அதுதான், ஏன்னா அது ஈரத்தைக் குடிக்கும். இலவு குடிக்காது. மழை மாசம் மலை மேல பருத்தித் தலையணை சதசதன்னு கெடக்குமே, உங்களுக்குத் தெரியாததா? உங்க ரூம்ல இருந்து ஒண்ணு கொண்டாங்க. குளம் எங்க இருக்கு?”

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் அனுப்பி ஒரு பருத்தித் தலையணையை வரவழைத்தாள். நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, ஜக்கம்மாள் இரண்டையும் ஒரே சமயத்தில் தண்ணீரில் வீசினாள்.

இரண்டும் மிதந்தன.

பிரபாகரன் தலையில் கை வைத்தான். “போச்சு. மானம் போச்சு.”

“வாயை மூடுடா. டீ சொல்லுங்க தாயி.”

டீ வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. ஜக்கம்மாள் குளத்தின் பக்கமே பார்க்காமல் ஊதி ஊதிக் குடித்தாள். பாதி டம்ளர் குடிப்பதற்குள் விடுதித் தலையணையின் ஒரு மூலை தாழ்ந்தது. அப்புறம் மறு மூலை. கடைசிச் சொட்டைக் குடித்துவிட்டு அவள் டம்ளரைக் கீழே வைத்தபோது அது தரையோடு தரையாகக் கிடந்தது. அவளுடையது நடுக்குளத்தில் ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது.

“அடிபொளி!” என்றான் மலையாளத்துக் காவல்காரன். ஒச்சப்பன் விசிலே அடித்துவிட்டான்.

சிவரஞ்சனி தயங்கிச் சொன்னாள். “உங்க பஞ்சு ஒசத்திதான்க்கா. ஆனா எங்க கம்பெனி லிஸ்ட்ல ரெண்டே பேருதான் இருக்கு. காட்டன், ஃபைபர். காட்டன்னு இருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டுருவேன். வேற பேருன்னா மேல கேக்கணும். என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது.”

“அம்மா…” என்று பிரபாகரன் கெஞ்சினான்.

ஜக்கம்மாளுக்குப் பொற்கொடியின் முட்டி ஞாபகம் வந்தது. சும்மா தலையாட்டினால் போதும், ஐந்நூறும் வந்துவிடும். ஆனால் அவள் கை, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டது. பத்தொன்பது லேபிள்களையும் ஒவ்வொன்றாக வெட்டி மகன் கையில் கொடுத்தாள்.

“கேட்டுட்டே சொல்லுங்க தாயி. குளத்துல இருக்கறது அங்கயே கெடக்கட்டும்.”

ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போடிக்கு வந்தது.

கிட்டங்கியில் பதினோரு பேரும் காத்திருந்தார்கள். நடந்ததை ஜக்கம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். பொற்கொடி மட்டும், “காட்டன்னே இருந்துட்டுப் போகட்டுமேக்கா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஜக்கம்மாள் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் பொற்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பெண்கள் மூக்கோடு துணி கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த நாலு மெத்தைக்குத் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாளின் போன் அடித்தது. கையெல்லாம் பஞ்சு. பிரபாகரன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அக்கா, சிவரஞ்சனி பேசுறேன். உங்க தலையணை இன்னும் மிதக்குதுக்கா!”

“மிதக்காம எங்க போகும்?” என்றாள் ஜக்கம்மாள்.

“விடிஞ்சதுல இருந்து தங்கியிருக்கிறவங்க அத்தனை பேரும் குளத்தைச் சுத்தி நின்னு போட்டோ எடுக்கிறாங்க. உள்ள என்ன இருக்கு, எங்க கிடைக்கும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. அந்தப் படத்தையே மேல அனுப்பினேன். லிஸ்ட்ல புதுசா ஒரு பேரைச் சேர்க்கச் சொல்லிட்டாங்க. ஐந்நூறும் உங்களுக்குத்தான்.”

பொற்கொடி முகத்துத் துணியை இறக்கிவிட்டு, கையில் இருந்த பஞ்சை அப்படியே ஜக்கம்மாள் தலையில் கொட்டினாள். கிட்டங்கியே சிரித்தது. ஜக்கம்மாளும் சிரித்தாள், கண் கலங்கியதைப் பஞ்சுத் தூசி மேல் பழி போட்டாள்.

“பேரை மட்டும் சரியா சொல்லுங்க, டைப் பண்ணணும்” என்றது போன்.

“நீ சொல்லு அப்பு. நீதான படிச்சவன்” என்றாள் ஜக்கம்மாள்.

பிரபாகரன் தொண்டையைச் செருமினான். “எழுதிக்கங்க மேடம். போடி இலவம் பஞ்சு.”

“சரி. இங்கிலீஷ்ல என்னன்னு போட?”

அவன் அம்மாவைப் பார்த்தான்.

“இங்கிலீஷ்லயும் அதேதான் மேடம். இங்கிலீஷ்காரன் வேணும்னா நம்மகிட்ட இரவல் வாங்கிக்கட்டும்.”