டைம் கீப்பரம்மாவின் இரண்டு விசில்

ஆமையண்ணனின் இதயம் தவறான இடத்திலிருந்து துடிக்க ஆரம்பித்த காலையில், ரவுண்டானாவுக்குள் நுழைந்த எந்தப் பேருந்தும் வெளியே வரவில்லை. சந்தைப் பக்கம் திரும்ப வேண்டியது, ஸ்டேஷன் பக்கம் திரும்ப வேண்டியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி கேட்கவில்லை. பயணிகள் முதலில் டிரைவரைத் திட்டினார்கள், பிறகு மாநகராட்சியைத் திட்டினார்கள், பிறகு பேப்பரை விரித்துக்கொண்டார்கள். மீன்காரர் ஒருவர் மட்டும் "எறங்கணும், எறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆமையண்ணன் அப்போது எதிரே டிப்போ பெஞ்சில் கிடந்தார். அவரும் பேருந்து ஓட்டுநர்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த வண்டியையும் முந்தியதில்லை. சைக்கிள்கள் அவரை முந்தும், பேரும் அப்படி வந்ததுதான். போன வருஷம் மாரடைப்பில் தப்பிப் பிழைத்தவர். இந்தக் காலையில் டீயை வாயருகே கொண்டுபோனபோது நெஞ்சில் ஒரு துடிப்பு முறை தவறி முன்னாலேயே விழுந்தது. அடுத்து தலைதெறிக்கிற ஓட்டம். "இன்னிக்குத்தான்டி நான் வேகமா போறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வேர்த்துக் கொட்டச் சாய்ந்தார். மனைவிதான் டிப்போவின் டைம் கீப்பர். அந்த அம்மா இரண்டு விசில் ஊதாமல் அங்கே ஒரு வண்டி அசையாது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதுவும் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கண்டக்டர்கள் அவரைப் பெஞ்சோடு தூக்கி, சுற்றும் வண்டிகளுக்கு இடையே புகுந்து, நடுப்புல்லைக் குறுக்கே தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "அண்ணே, மன்னிச்சுக்குங்க, நிறுத்த முடியல" என்று ஜன்னல் வழியே டிரைவர்கள் கெஞ்சினார்கள்.

"எல்லாரும் கையை எடுங்க" என்று சொல்லி இதய மருத்துவர் மின் அதிர்ச்சி கொடுத்தார். ரவுண்டானாவில் அத்தனை எஞ்சினும் ஒரே நேரத்தில் அணைந்தது. திரையில் வெறும் கோடு. வராந்தாவில் நின்ற டைம் கீப்பரம்மாவுக்கு மருத்துவம் தெரியாது. வண்டி நின்றால் ஊத வேண்டும் என்பதுதான் தெரியும். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். "இங்கல்லாம் சத்தம் போடக்கூடாதும்மா" என்று நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் இதயம் பழைய நிதானத்துக்கு வந்தது, பேருந்துகளும் அதனதன் தெருவுக்குத் திரும்பின.

"இது திரும்ப வரும்மா" என்றார் மருத்துவர். "இதயத்தோட மேல் அறையிலயும் ஒரு டைம் கீப்பர் இருக்கு. அது சொன்னாத்தான் கீழ் அறை துடிக்கணும். இவருக்குக் கீழ் அறையில பழைய மாரடைப்போட தழும்பு. முறை தவறி ஒரு துடிப்பு வந்தப்ப, தழும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வழியில ஒண்ணு இன்னும் தயாராகல. அதனால மறுபக்கமா போச்சு. அது சுத்தி வர்றதுக்குள்ள முதல் வழி திறந்துடுச்சு. அப்புறம் தழும்பையே சுத்திக்கிட்டுக் கிடக்குது."

"முறை தவறி அனுப்பினது யாரு?" என்று டைம் கீப்பரம்மா கேட்டார். தப்பு செய்த டிரைவருக்கு மெமோ கொடுக்கிற குரல்.

மறுவாரம் மருத்துவர் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, தழும்போரத்துக் குறுகிய வழியைச் சுட்டு அடைத்தார். அதே நேரம் ரவுண்டானாவின் தாரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி புகைந்து அடங்கியது. டைம் கீப்பரம்மா மருத்துவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புள்ளியைத் தார் பூசி மறைக்க வந்த மாநகராட்சி ஆட்களை மீன்காரரே முன்னால் நின்று திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் டிரைவர்கள் அந்த இடத்தில் ஒரு கையைத் தூக்கிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆமையண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று டைம் கீப்பரம்மா விசிலை வாயில் வைத்தார். ஊத வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆமையண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் இரண்டு விசிலும் வந்தன. வண்டி ரவுண்டானாவுக்குள் போனது. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவரை முந்திப் போனது. அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, டைம் கீப்பரம்மா அடுத்த வண்டிக்கு ஊதினார்.