மார்ச் மாதத்துப் பக்கெட்

ஜூன் மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி கிடையாது. எங்கள் கம்பெனியில் மட்டும் உண்டு. நாலாம் நம்பர் மோல்டின் கார்டில், அந்தத் தேதிக்கு நேரே, துடைத்தாயிற்று, எண்ணெய் தெளித்தாயிற்று, சரி என்று மூன்று கட்டத்திலும் அழகாக டிக் போட்டிருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். இல்லாத ஒரு நாளில் இரும்பைத் துடைத்த அந்தப் புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பெயர் சோபியா. எங்கள் தீவில், கராச்சர்மாவைத் தாண்டிச் சிப்பிகாட் போகிற வழியில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனியில் மோல்டு ரூம் என் பொறுப்பு. மோல்டு என்றால் வேறொன்றுமில்லை, இரண்டு பாதியாகத் திறந்து மூடும் இரும்பு அச்சு. உருகிய பிளாஸ்டிக் உள்ளே போகும், பக்கெட்டாக வெளியே வரும். அச்சில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் போதும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கெட்டிலும் அதே இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தெரியும்.

அதனால்தான் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரு மோல்டின் ஓட்டம் முடிந்து மிஷினிலிருந்து இறக்கும்போது, கடைசியாக வந்த பக்கெட்டை அந்த மோல்டிலேயே கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பக்கெட்டின் காதில் கம்பியில் கோத்த ஓர் அட்டை. அதில் தேதி, எத்தனையாவது பக்கெட் என்ற எண்ணிக்கை, என் கையெழுத்து. மோல்டு எந்த நிலையில் தூங்கப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. வாயால் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது, எழுத்தில் வேண்டும் என்று எட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் நம்பர் இருபது லிட்டர் பக்கெட்டின் மோல்டு. இந்த வருடம் ஜனவரியில் ஓடியது, மார்ச்சில் ஓடியது, பிறகு ஜூனில் ஓடியது. ஜூனில் போன பக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அடி விளிம்பில் கோடு, கையைக் கிழிக்கிறதாம். மோல்டைத் திறந்து பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறல்.

முதலாளி இராமகிருஷ்ணனுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜூனில் அந்த மோல்டை மிஷினில் ஏற்றும்போது அதைத் தூக்கும் செயின் ஒரு பல் வழுக்கி, மோல்டு போய் மிஷின் கம்பியில் மோதியது. செயினைப் பிடித்திருந்தவர் மத்தியாஸ் அண்ணன். மோதியதை ஷிஃப்டே பார்த்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மிஷினை ஓட்டுகிறவர் அவர். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்வார்.

"சனிக்கிழமை கப்பல்ல மோல்டு ரிப்பேருக்குச் சென்னைக்குப் போவுது. என்ன ஆச்சு, யாரால ஆச்சுன்னு நீ ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. திங்கக்கிழமையில இருந்து மத்தியாஸ் வர வேண்டாம்" என்றார் முதலாளி.

"சார், கீறலுக்குள்ள பழுப்பா இருக்கு. புதுசா விழுந்ததுன்னா பளபளன்னு இருக்கும். இது பழசு சார்."

"ஏம்மா, இந்த ஊர்ல ராத்திரி மேசையில வச்ச ஊசி காலையில துருப்பிடிச்சுக் கெடக்கு. நீ துருவைப் பாத்து வயசு சொல்றியாக்கும்? எழுத்துல ஏதாவது இருந்தாக் கொண்டா, பாப்போம்."

எழுத்தில் வேண்டும் என்பது நான் கற்றுக்கொடுத்த பாடம். எனக்கே திருப்பிச் சொன்னார். மார்ச் மாதத்துக் கடைசிப் பக்கெட்டில் அந்தக் கோடு இருந்தால் மத்தியாஸ் அண்ணன் தப்பினார். நேரே மோல்டு ரேக்குக்குப் போனேன். ஒன்பது மோல்டு இருந்தது. ஒன்பதிலும் கம்பி தொங்கியது. பக்கெட் ஒன்றுகூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊர் இது. சும்மா தொங்குகிற பக்கெட்டைப் பார்த்தால் கை அரிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கெட் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, ஆயிரம் பக்கெட் அடுக்கியிருக்கும் இடத்தில், சாட்சிக்குக் கட்டி வைத்ததைத்தான் அறுத்துக்கொண்டு போக வேண்டுமா? விற்கிற பக்கெட்டுக்கு ஸ்டாக் கணக்கு உண்டு, இதற்கு இல்லையாம். என்ன ஒரு நாணயம்!

புதன்கிழமை சாயங்காலம் லோடிங் வேலை செய்யும் குணாவின் வீட்டில் தொடங்கினேன். அவன் மனைவி ரூபா எங்கள் பக்கெட்டில் மீனை ஊற வைத்திருந்தாள். மீனை வேறு சட்டிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து, அடி விளிம்பில் நகத்தை ஓட்டினேன். கோடு இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இது எந்த மாசம் எடுத்தது?" என்று குணாவைக் கேட்டேன்.

"அரே அக்கா, ஒரு பக்கெட்டுக்கு இவ்ளோ டென்ஷனா? சும்மாதானே தொங்குச்சு. பானி வர்ற நாளு, வீட்ல பாத்திரம் பர்த்தன் பத்தல, எடுத்துட்டு வந்தேன்."

"மாசத்தைக் கேட்டேன்டா."

"கர்மி டைம்ல, வெயில் காலத்துல. இல்ல இல்ல, மழை புடிச்ச பொறவு. பத்தா நஹி, தெரியல அக்கா."

"அட்டை எங்க?"

"அத அன்னிக்கே பாப்பா கிழிச்சிருச்சு."

அட்டை இல்லாத பக்கெட் கடையில் வாங்கிய பக்கெட்டுக்குச் சமம். எல்லா மாதமும் அதே நீலம்தான் ஓட்டுகிறோம். அந்தக் கோடு மார்ச்சில் வந்ததா ஜூனில் வந்ததா என்று பக்கெட்டா வாய் திறந்து சொல்லும்?

வியாழக்கிழமை வாட்ச்மேன் தம்பையா வீடு. பக்கெட்டைக் காவல் காக்க வேண்டியவரே ஒன்றை எடுத்துப் போய் மிளகாய்ச் செடி வைத்திருந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதோடு விட்டாரா? தண்ணீர் தேங்கக் கூடாதென்று அடிப்பக்கத்தை வட்டமாக அறுத்து எறிந்திருந்தார். இருபது லிட்டர் பக்கெட்டில் எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு அங்குலம் மட்டும்தான். இன்னொன்றை மாயாபந்தரில் இருக்கும் தங்கச்சிக்குப் பஸ்ஸில் கொடுத்து விட்டதாகச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கெட் நிறையத் தண்ணீரோடு மேலிருந்து எடுத்து அனுப்பினார். கவிழ்த்து எடுங்கள் என்றேன். பிடித்த தண்ணீரை எப்படிக் கொட்டுவது என்று கேட்டார். போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு மத்தியாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டில் அவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும், அதை நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் தலையைத் தூக்காமல் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும் அண்ணே. எனக்கு வேற வழி இல்ல."

"எழுதணும்னா எழுது."

அவ்வளவுதான். அவர் மனைவி சிசிலியா மைனி உள்ளேயிருந்து வந்தார். அன்று தண்ணீர் வந்த நாள். குடம், அண்டா, சோற்றுப் பானை எல்லாம் நிறைந்து, கால் வைக்க இடமில்லை.

"பாத்தியா சோபியா, குடிக்கிற செம்பு வரைக்கும் தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். அந்தா அலமாரி மேல ஒரு பக்கெட்டு சும்மா இருக்கு, அதத் தொடப்பிடாதாம். தொட்டா இந்த மனுசன் துள்ளுகாரு. நாலு மாசமா இதே கூத்து. நீயாவது கேளு."

அலமாரியின் மேல் துண்டு போட்டு மூடி ஒரு பக்கெட் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். நீலப் பக்கெட். காதில் அட்டை அப்படியே இருந்தது. மார்ச் 14. 61,240. ஓகே. கீழே என் கையெழுத்து. கவிழ்த்து நகத்தை ஓட்டினேன். மெல்லிய கோடுதான். ஆனால் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இத வீட்டுல வச்சிக்கிட்டா அண்ணே மூணு நாளா சும்மா இருந்தீங்க?"

"நீ கேப்பன்னு இருந்தேன்." இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "குணா வீட்டுக்குப் போன. தம்பையா வீட்டுக்குப் போன. மாயாபந்தருக்குப் போன் போட்ட. எனக்க கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல."

"நீங்க எடுத்துட்டுப் போற ஆளுன்னு நான் நினைக்கல."

"நான் எடுக்கல. பத்திரமா வச்சேன். ரேக்குல கெடந்தா ஒரே வாரத்துல குணா வீட்டு மீன்சட்டி ஆயிருக்கும்லா."

"கோடு இருக்குன்னு தெரிஞ்சுதானே வச்சீங்க? அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த ஈயக்குண்டைக் கீழே வைத்தார். "சொன்னேன்."

சொன்னார். அவர் அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் எனக்கு நினைவு வந்தது. மார்ச் பதினாலு அன்று இரண்டாம் நம்பர் மோல்டில் எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அப்பி வைத்ததற்காகக் குணாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னால் வந்து, "சோபியா, இந்த இடத்துல ஒரு தடவ தடவிப் பாரு" என்றார். நான் திரும்பவில்லை. "வாயால சொல்லாதீங்க அண்ணே, கார்டுல எழுதுங்க" என்றேன். அவர் நீட்டிய அட்டையில் பக்கெட்டைப் பார்க்காமலே ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு மறுபடியும் குணாவைத் திட்டப் போய்விட்டேன்.

"கார்டு இங்கிலீஷ்ல இருக்கு" என்றார் அண்ணன். "நான் ஏழு வயசுலயே மீன் பிடிக்க வள்ளத்துல ஏறினவன். தமிழ எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத பேரு மட்டும்தான் வரும். அதான் பக்கெட்ட எடுத்து வச்சேன். என்னால எழுத முடிஞ்சது அதுதான்."

அவருக்கு எழுத வராது என்பது எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். சம்பள நாளில் அவர் எழுத்துக் கூட்டிப் பெயர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜூன் முப்பத்தொன்றாம் தேதி டிக் போட்டவனாவது ஒரு தேதியைத்தான் தப்பாகப் பார்த்தான். நான் எதையுமே பார்க்கவில்லை.

அந்தப் பக்கெட்டைக் கொண்டுபோனால் அவர் தப்புவார், நான் மாட்டுவேன். மார்ச்சிலேயே மோல்டை நிறுத்தியிருந்தால் கீறலைச் சின்னதாகவே அடைத்திருக்கலாம். மகள் சுபிதா பன்னிரண்டாம் வகுப்பு. வீடு என் ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. இதையெல்லாம் அந்த ஸ்டூல் பக்கத்தில் நின்றபடியே நினைத்தேன். கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினால் அட்டை கையோடு வந்துவிடும் என்றும் நினைத்தேன். மைனி டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அண்ணன் மறுபடியும் குண்டு கோக்கத் தொடங்கியிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

பையிலிருந்து நாலாம் நம்பர் கார்டை எடுத்து, மார்ச் பதினாலுக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தைத் தேடினேன். எட்டு வருடத்தில் யாரும் எதுவும் எழுதாத கட்டம் அது.

"சொல்லுங்க அண்ணே, நான் எழுதுறேன். தமிழ்லயே எழுதுறேன்."

"என்னத்தச் சொல்ல?"

"நடந்தத."

அவர் யோசிக்கவே இல்லை. நாலு மாதமாக வாயில் வைத்திருந்தவர் போலச் சொன்னார். "எழுது. கோடு இருந்தது. சொன்னேன். அவ திரும்பிப் பாக்கல."

எழுதினேன். அவர் வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கீழே தன் பெயரைப் போட்டார்.

சனிக்கிழமை காலை பக்கெட்டையும் கார்டையும் முதலாளி மேசையில் வைத்தேன். வெளியே மோல்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அடி விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். அட்டையில் தேதியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை வாசித்தார்.

"கோடு இருந்தது, சொன்னேன், அவ திரும்பிப் பாக்கல." நிமிர்ந்தார். "இது யாரும்மா, இந்த அவ?"

"நான்தான் சார்" என்றேன்.